ஒன்பதாவது போல்ட்

மார்ச் 3, செவ்வாய்

இவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஐந்து வாரம். காலையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தையல் நன்றாக ஆறியிருக்கிறது. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பதால் மூன்று மாதத்துக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது என்று மறுபடியும் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்ட முதல் கேள்வி: "கியர்பாக்ஸ் எவ்ளோ எடை இருக்கும்?"

எழுபத்தெட்டு கிலோ. பதிலையும் அவரே சொன்னார்.

ஷெட்டில் நிற்கும் சிவப்புக் காருக்கு இருபத்திரண்டு வயது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். பந்தயத்துக்குப் போகிற தோற்றம், ஆனால் கியர் தானாக விழுகிற வகை. கையால் கியர் போடாத ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று இவருடைய தம்பி எப்போது வந்தாலும் கேட்பார். டிசம்பரிலிருந்து அந்தக் கேள்விக்கும் இடமில்லை. முன்னால் போகிற கியர் ஒன்றுகூட விழுவதில்லை. ரிவர்ஸ் மட்டும் பிரமாதமாக விழுகிறது.

கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்கிறவர் ஒருவர் இருக்கிறார். காரை அவர் தொட மாட்டார். "எறக்கிக் கொண்டாங்க, பாத்துத் தர்றேன்" என்கிறார். இறக்குவதற்கு வேறு ஒர்க்‌ஷாப்பில் விட இவருக்கு மனசில்லை. வீட்டிலேயே இறக்கலாமாம். யார் இறக்குவது என்றுதான் சாப்பாட்டு மேஜையில் பேச்சு.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். நெஞ்சு வலியைப் பதினெட்டு நாள் 'வாயு' என்று சொல்லி மறைத்த மனிதர் இவர். நான் இருபத்தாறு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அதே வீட்டில், அதே கட்டிலில், அந்தப் பதினெட்டு நாளும் இருந்தேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். இப்போது நான் டியூட்டிக்குப் போகிற நேரம் பார்த்து இவர் காருக்கு அடியில் போய்விடுவார். போனால் நெஞ்சுக் கம்பி விட்டுப்போகும். அதையும் என்னிடம் சொல்ல மாட்டார்.

மார்ச் 4, புதன்

நானே இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். சிரித்தால் நெஞ்சு வலிக்கும் என்பதால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 7, சனி

ஷெட்டுத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் இவருடைய நாற்காலி. வாயால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கையால் ஒன்றும் கூடாது. ஒப்புக்கொண்டார். கணக்கு வாத்தியார், முப்பது வருஷம் வாயால்தான் பிழைத்திருக்கிறார்.

முதலில் பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். அடுத்து காரைத் தூக்கினேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், நிற்க வைப்பதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி அடியில் போகிறவன் முட்டாள். இதை இவர் நாலு தடவை சொன்னார். நான் முதல் தடவையே எழுதிக்கொண்டேன். தரை சமமாக இருக்கிறதா என்று ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன், உருளவில்லை. நான்கு ஸ்டாண்டும் ஒரே உயரம். கழற்றிய சக்கரங்களைப் படுக்கப் போட்டு இரண்டு பக்கமும் காருக்கு அடியில் தள்ளினேன். ஸ்டாண்டு காலை வாரினாலும் சக்கரம் தாங்கும். கடைசியாகக் காரைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் உலுக்கினேன்.

"போதும். ஷெட்டு விழுந்துடப் போவுது."

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். எந்த இடத்தில் எத்தனை போல்ட், எந்தக் கிண்ணத்தில் என்று எழுத. தியேட்டரில் நோயாளியின் வயிற்றை மூடுவதற்கு முன்னால் பஞ்சு, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணுவோம். ஆரம்பத்தில் எழுதிய எண்ணும் கடைசி எண்ணும் சேராவிட்டால் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் தையல் போட முடியாது. என் வேலையில் எனக்குப் பிடித்த ஒரே அதிகாரம் அதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காருக்கு அடியில் படுத்தேன். தூசி விழாத மூக்குக் கண்ணாடி, தியேட்டர் தொப்பி, கையுறை. "யாருக்கு ஆபரேஷன்?" என்றார் இவர்.

கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தோம். சிவப்பாக இருக்க வேண்டியது கறுப்பாக இருந்தது, கருகிய வாசனை. உள்ளே இருந்த காந்தத்தில் இரும்புத் தூள் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. தட்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிக் காண்பித்தேன். இவர் முகத்தைப் பார்த்தேன். தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம்.

பிறகு பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டு, ஷாஃப்ட். திரும்ப மாட்டும்போது பழைய நிலையிலேயே மாட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் கார் உதறும். இரண்டு பக்கமும் அடையாளம் வைக்க என் நகப்பூச்சைத் தொட்டு வைத்தேன். பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கிய பாட்டில், இன்றைக்குத்தான் பிரித்தேன். கடைசி போல்ட் வந்ததும் ஷாஃப்ட் நேராக என் வயிற்றில் இறங்கியது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

மார்ச் 10, செவ்வாய்

பெண் போன் செய்தாள். "அம்மா, அப்பாவ ஷெட்டுக்குள்ள விடாத." நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். "அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருக்கா?" என்று கேட்டாள். அப்பாவை அறிந்தவள்.

மார்ச் 14, சனி

இன்று கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் தொப்பை வைத்த பானை மாதிரி ஒன்று, உள்ளே முழுக்க ஆயில். அதை எஞ்சினோடு ஆறு போல்ட் போட்டுக் கட்டியிருக்கிறது. ஆறையும் கழற்றாமல் இழுத்தால் பானை எஞ்சினோடு நின்றுவிடும், கியர்பாக்ஸின் உள்பம்பு உடையும். போல்ட் தெரிகிற ஜன்னலோ ஒன்றே ஒன்று. ஒரு போல்ட்டைக் கழற்றி, வெளியே வந்து, முன்னால் போய், நீள ஸ்பேனரால் எஞ்சினைக் கொஞ்சம் திருப்பி, திரும்ப அடியில் போனால் அடுத்தது ஜன்னலுக்கு வந்திருக்கும். ஆறு தடவை.

மூன்றாவது தடவை இவர் எழுந்து, "நான் திருப்பித் தர்றேன், சும்மாத்தானே ஒக்காந்திருக்கேன்" என்றார். நான் மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். உட்கார்ந்துகொண்டார்.

ஆறும் கிண்ணத்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆயில் குழாய் இரண்டு, வயர் பிளக் எல்லாம் கழற்றியாகிவிட்டது. எனக்கு முழங்கையிலிருந்து தோள்பட்டை வரை தனியாக ஒரு உயிர் இருந்து வலிக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

வாடகைக்கு எடுத்த ஜாக்கி வந்தது, தலையில் தட்டு வைத்தது. கியர்பாக்ஸுக்கு அடியில் கொடுத்து பெல்ட்டால் கட்டினேன். எஞ்சின் பின்பக்கமாகச் சாய்ந்துவிடாமல் அதற்கும் ஒரு மரக்கட்டை, இன்னொரு ஜாக்கி. பிறகு கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பெரிய போல்ட்டுகள். புத்தகத்தில் ஒன்பது. பலகையில் ஒன்பது என்று எழுதியிருந்தேன்.

எட்டு வந்தது. கியர்பாக்ஸ் அசையவில்லை.

"எட்டுதான். ஓட்டையும் எட்டுதான்" என்றார்.

"புத்தகத்துல ஒன்பது போட்டிருக்கு."

"அது கையால கியர் போடற மாடலுக்கு."

"அப்படின்னு எழுதியிருக்கா?"

"எழுதல. எனக்குத் தெரியும். கம்பிய நடுவுல விட்டு லேசா நெம்பு, வந்துரும்."

"எண்ணிக்கை சேரல. யாரும் எதையும் தொடக் கூடாது."

"இது மனுஷன் வயிறு இல்ல!"

குரல் உயர்ந்ததும் இருமல் வந்தது, தலையணை வீட்டுக்குள் இருந்தது, நெஞ்சைக் கையாலேயே பிடித்துக்கொண்டு இருமினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்பேனர்களை எண்ணி அடுக்கிவிட்டு வந்துவிட்டேன். சாப்பிடும்போது இரண்டு பேரும் தட்டைத்தான் பார்த்தோம்.

மார்ச் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை டியூட்டி. பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை இவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். இரண்டு நாற்பதுக்கு வந்தேன். வீட்டில் ஆள் இல்லை. ஷெட்டுக் கதவு திறந்திருந்தது.

காருக்கு வெளியே ரெண்டு கால் தெரியுது. அசையல.

கத்தவில்லை. முதலில் நான்கு ஸ்டாண்டையும் பார்த்தேன், நின்றன. கார் இறங்கவில்லை. குனிந்து பாதத்தின் மேல் இரண்டு விரல் வைத்தேன். நாடி இருந்தது. எண்பத்தெட்டு.

அடியிலிருந்து குரல் வந்தது: "கூசுது."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

"ஒன்பதாவது போல்ட் கெடைச்சிருச்சு" என்றார். "மேல, வயர்க் கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டிருக்கு. நீ சொன்னதுதான் சரி."

பன்னிரண்டரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போயிருக்கிறார். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று. பார்த்தாகிவிட்டது, வர முடியவில்லை. மல்லாக்கப் படுத்தவர் எழ வேண்டுமென்றால் கையை ஊன்ற வேண்டும். கையை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், அதனால் ஊன்றவில்லையாம். இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் டாக்டர் பேச்சைத் தட்டாமல் அப்படியே படுத்திருந்திருக்கிறார். போன் நாற்காலியில் இருந்தது. நான் அழைத்தது காதில் விழுந்ததாம்.

படுத்திருந்த பாயோடு சேர்த்து இழுத்தேன், தியேட்டரில் விரிப்போடு நகர்த்துவோமே, அப்படி. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் தாங்கி உட்கார வைத்தேன். முகம் வேர்த்து வெளுத்திருந்தது. "வலிக்குதா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

ஒண்ணுமில்லையாம்! இன்னும் எத்தனை தடவை சொல்வார் இந்த வார்த்தையை? ஒருநாள் நான் வந்து பாதத்தில் விரல் வைக்கும்போது நாடி இல்லாமல் இருந்தால் அதற்கும் ஒண்ணுமில்லைதானா?

நேராக ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்பி எதுவும் விடவில்லை. என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டார்.

"படுத்தப்போ கொஞ்சம் பொரண்டுட்டேன், டாக்டர்."

"காருக்கு அடியில" என்றேன் நான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் சொன்னது: "நீ அவ்ளோ கெட்டியா நிறுத்தி வெச்சிருந்த. அந்த தைரியத்துலதான் போனேன்." நான்கு ஸ்டாண்டு, நான்கு சக்கரம், கோலிக்குண்டு. கார் விழாமல் இருக்க எல்லாம் செய்தேன். அத்தனையும் இவருக்கு உள்ளே போக வழியாகிவிட்டது. கதவுக்கு ஒரு பூட்டுப் போட எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பேசவில்லை. பூட்டு வாங்கினேன்.

மார்ச் 18, புதன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்து மடிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

"வலிக்குதுன்னு சொன்னா நீ ஒடனே நர்ஸாயிடுவ" என்றார். "கண்ணு மாறிடும். நாடி பாப்ப, மணி பாப்ப. பொண்டாட்டி எங்கயோ போயிடுவா. அதான் சொல்லல. அப்பவும், இப்பவும்."

"பதினெட்டு நாள். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைப் பாத்த பார்வை உங்களுக்குத் தெரியாது. நர்ஸா இருந்தும் தெரியல, பொண்டாட்டியா இருந்தும் தெரியல." இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். ஜனவரியில் அழ வேண்டியது.

சட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "உன் வயித்துல என்ன அது?" என்றார். "புடவை மாத்தும்போது பாத்தேன். நீலமா."

"ஷாஃப்ட் விழுந்துச்சு."

"எப்போ?"

"எட்டாம் தேதி."

"பத்து நாள்" என்றார் கணக்கு வாத்தியார். "எனக்கு இன்னும் எட்டு நாள் லீடிங் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. காயத்தைக் காண்பிக்கச் சொன்னார். காண்பித்தேன். சமாதானமாகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. சேர்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 22, ஞாயிறு

எங்கள் தியேட்டரில் நோயாளிகளை ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்றுகிறவர் இன்று வந்தார். எல்லோரும் அவரை 'ஒன் டூ த்ரீ' என்றுதான் கூப்பிடுவோம். அதைச் சொல்லாமல் அவர் எதையும் தூக்கியதில்லை. ஷெட்டுக்குள் வந்து, கட்டிவைத்திருந்த கியர்பாக்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், பேஷண்ட் வெறும் வயித்துல இருக்காங்களா?" என்று கேட்டார். ஆயில் வடித்துவிட்டோம் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். பெல்ட்டை என்னைவிட நன்றாக இறுக்கினார்.

ஒன்பதாவது போல்ட்டை நான்தான் எடுத்தேன். வளைகிற மூட்டு வைத்த நீளக் கம்பி, அதன் முனையில் பாக்ஸ் ஸ்பேனர், கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். இடது கன்னம் கியர்பாக்ஸில் ஒட்டியிருந்தது. இருபது நிமிஷம். அது இளகியபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஆங்!" என்றார் இவர்.

எண்ணினேன். ஒன்பது. பானை போல்ட் ஆறு. பலகையில் எல்லாம் சேர்ந்தது. "இழுக்கலாம்" என்றேன்.

"ஒன், டூ, த்ரீ."

நேர் பின்னால் நகர்ந்தது. பானையும் கூடவே வருகிறதா என்று நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், வந்தது. அது முன்பக்கம் நழுவிக் கீழே விழாமல் இருக்க கியர்பாக்ஸ் வாயின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை வைத்து முடுக்கினேன். அப்படி முடுக்கும்போது உள்ளே மிச்சமிருந்த ஆயில் என் தொப்பியைத் தாண்டித் தலைக்குள் போயிற்று. பிறகு அங்குலம் அங்குலமாக இறக்கினோம். ஜாக்கி தரையைத் தொட்டதும் 'ஒன் டூ த்ரீ' பழக்கதோஷத்தில் ஒரு போர்வை இருக்கிறதா என்று தேடினார்.

இவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. கியர்பாக்ஸுக்கா எனக்கா என்று கேட்கவில்லை.

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. மூன்று தடவை தலைக்குக் குளித்தும் ஆயில் வாசனை போகவில்லை. பரவாயில்லை.

மார்ச் 23, திங்கள்

கியர்பாக்ஸ்காரர் வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார். பானை நழுவாமல் பட்டை போட்டிருந்ததைப் பார்த்து, "யாரு எறக்குனது? நீட்டா இருக்கே" என்றார். "வீட்ல" என்றார் இவர். "வீட்ல வெச்சே எறக்கிட்டீங்களா?" என்றார் அவர். இவர் திருத்தவில்லை. என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

உள்ளே தட்டுகள் எல்லாம் கரியாகிவிட்டதாம், இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். "அவசரமில்ல" என்று இவர் போனில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

காலை பத்து இருபது. தியேட்டரில் ஒரு பித்தப்பை ஆபரேஷன், நான் கையுறையோடு நிற்கிறேன். 'ஒன் டூ த்ரீ' கதவைத் திறந்து, "சிஸ்டர், வீட்லேர்ந்து போன்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் இவர் தியேட்டருக்குப் போன் செய்ததில்லை. இன்னொரு நர்ஸ் என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"பயப்படாத. மூச்சு வாங்குது. சும்மா ஒக்காந்திருக்கும்போதே வாங்குது. எடது பக்கம் படுத்தா ஜாஸ்தியா இருக்கு. கணுக்கால் ரெண்டும் வீங்கியிருக்கு. வாசக்கதவத் தொறந்து வெச்சிட்டு ஒக்காந்திருக்கேன். நீ சொல்லு, என்ன பண்ணணும்?"

'ஒன் டூ த்ரீ'யிடம் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னேன். என் இடத்துக்கு இன்னொரு நர்ஸ் வந்தாள். இடம் மாற வேண்டுமென்றால் எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பஞ்சு, கத்தரி, ஊசி. வாய்விட்டு எண்ணினேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. சர்ஜன் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஓடினேன்.

நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வருவதுதான். விலாவில் ஊசி போட்டு எடுத்தார்கள், முக்கால் லிட்டர். இரண்டு நாள் விட்டிருந்தால் ஐசியூவில்தான் பார்த்திருப்போம் என்றார் டாக்டர்.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்துக் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"காலைல ஏழு மணிக்கு, டாக்டர். வாயுன்னு சொல்லலாமான்னு மூணு மணி நேரம் யோசிச்சேன். அப்புறம் இவளுக்குப் போன் பண்ணிட்டேன்."

இப்போது தூங்குகிறார். மூச்சு நிமிஷத்துக்குப் பதினாறு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மணி நேரம் யோசித்ததற்கு நாளைக்குத் திட்ட வேண்டும்.